மருந்து நாளும் மீன் நாளும்

ஓமனா சித்திக்கு உடம்புக்கு முடியவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, நான்தான். அதற்கு நான் பயன்படுத்திய கருவி ஒரு ரப்பர் பல்லி.

வட்டக்கோட்டைக்கு வெளியே விளையாட்டுச் சாமான் விற்பவரிடம் வாங்கியது. வயிற்றை அமுக்கினால் நாக்கை நீட்டும். சித்தியின் சிப்ஸ் கடையில் உப்பு டப்பா, கல்லாப்பெட்டி, மடித்து வைத்த ஏப்ரன் என்று அது போகாத இடம் இல்லை. ஒவ்வொரு தடவையும் சித்தி போடும் கூப்பாடு தக்கலை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்கும். பிறகு சிப்ஸ் கோருகிற கண்ணகப்பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் துரத்துவாள்.

"சவத்து மூதி! எனக்க அக்கா உன்னைப் பெத்த நேரத்துக்கு ரெண்டு ஏத்தன் வாழை நட்டிருந்தா எனக்குச் சிப்ஸுக்காவது ஆகியிருக்கும்!"

போன வருஷம் மழை தொடங்கிய சமயத்தில் ஒரு நாள் காலை அவள் தலையணையில் பல்லியை வைத்தேன். சித்தி விழித்துத்தான் கிடந்தாள். பார்த்தாள். வாலைப் பிடித்துத் தூக்கினாள். ஜன்னல் கட்டையில் மெதுவாக வைத்தாள், ஏதோ அதற்குக் குளிரும் என்பதுபோல. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். முருகதாஸ் சித்தப்பா மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மகன் அனீஷ் கோயம்புத்தூரில் படிக்கிறான். தக்கலையிலிருந்து குளச்சல் போகிற சாலையில் சித்தியின் கடை. கொதிக்கிற தேங்காய் எண்ணெய்க்கு மேலேயே சீவுபலகையைப் பிடித்து ஏத்தன் வாழைக்காயை நேராக அதில் சீவுவாள். மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை அள்ளி ஊற்றுவாள். எண்ணெய் சீறும். அந்தச் சீறல் அடங்கி, காய்கள் ஒன்றோடொன்று உரசும்போது கலகலவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் கோரிவிட வேண்டும். சித்தி வாசலில் நின்று யாரோடாவது வம்பு பேசிக்கொண்டே அதைக் கேட்பாள். நான் பிளஸ் டூவில் இயற்பியலோடு ஒத்துப்போகாமல் வீட்டில் இருந்ததால் பொட்டலம் கட்டும் வேலை எனக்கு.

பல்லி சம்பவத்துக்குப் பிறகு சிப்ஸ் கருக ஆரம்பித்தது. அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள், சத்தம் காதில் விழாது.

"சித்தி, கரியுது!"

"ம்."

கரிந்ததைக் கோரி ஓரமாகக் கொட்டுவாள். திட்டமாட்டாள். என்னையும் இல்லை, எண்ணெயையும் இல்லை.

இரண்டாவதாகப் பயந்தது ஜெமி அண்ணன். குளச்சலில் மீன் ஏலம் எடுத்து ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டி வைத்துக் கொண்டுவருகிறவர். அவருக்கும் சித்திக்கும் தினமும் காலையில் போர் நடக்கும். தெருவில் பல் தேய்க்கிறவர்கள் அதைக் கேட்டபடிதான் தேய்ப்பார்கள்.

"இது மீனா, இல்ல மியூசியத்துல இருந்து எடுத்திட்டு வந்தியாலே? கண்ணைப் பாரு, எனக்க மாமியாருக்க கண்ணு மாதிரி கெடக்கு."

"அக்கா, இப்பம் வலையில இருந்து எடுத்தது. வாலு ஆடுது பாருங்க."

"நீ வண்டிய ஆஃப் பண்ணாம வெச்சிருக்கே, அதான் ஆடுது."

செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, முகத்தைச் சுளித்து, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பாதி தூரம் உள்ளே போய்த் திரும்பி வந்து, அதற்குப் பிறகுதான் மீன் வாங்குவாள்.

அந்த வாரம் ஜெமி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மக்கா, அக்காவுக்கு என்ன? நேத்துள்ள அயிலையக் குடுத்தேன். செவுளைக்கூடத் தூக்கிப் பாக்கல. வேண்டிட்டுப் போயிட்டா."

"பழைய மீனையா குடுத்தீங்க?"

"சோதிச்சுப் பாக்கத்தான் குடுத்தேன். எனக்கு ராத்திரி உறக்கமே வரல, கேட்டியா."

சொந்தக்காரர்கள் வந்தார்கள். "ஓமனாவுக்கு என்ன குறை? வார்ப்பு வீடு இருக்கு, மாப்பிள்ளை துட்டு அனுப்புதான், பையன் படிக்கான்" என்று சித்தியின் வசதிகளைச் சித்தியிடமே விளக்கினார்கள். சித்தி தலையாட்டினாள். குறை ஒன்றும் இல்லாததற்கு அவளே வெட்கப்பட்டதுபோல இருந்தது. அம்மா சித்தியின் கையில் மந்திரித்த கயிறு கட்டிப் பார்த்தாள். ஒரு நாள் தலை பின்னிவிடப் போனபோது சித்தி, "எக்கா, காலையில கண்ணு முழிக்காமலே கெடந்தா நல்லாருக்கும்" என்றாள், ஏதோ ரேஷன் கடை பூட்டியிருக்கு என்று சொல்வதுபோல. அம்மா சீப்பை அப்படியே தலையில் விட்டுவிட்டு வெளியே வந்து என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி தன்யா, ஆஸ்பத்திரிக்குப் போணும். ஆட்டோ விளி."

நாகர்கோவிலில் டாக்டர் சுபிதா. சின்ன வயசு. நிறைய நேரம் கேட்டார். பிறகு சொன்னார்: "இது மனச்சோர்வும்மா. சோம்பேறித்தனமும் இல்ல, நன்றி கெட்டதனமும் இல்ல. மாத்திரை தர்றேன், காலையில சாப்பிட்டதும் போடணும். ஆரம்பத்துல வயிறு புரட்டும், வாய் வறளும், தூக்கம் வரும். கெட்டது முதல்ல வரும், நல்லது சில வாரம் கழிச்சுத்தான் வரும். அதுக்குள்ள பயந்து நிறுத்திடாதீங்க. காலையில முழிக்கவே வேண்டாம்னு மறுபடி தோணிச்சுன்னா, உடனே யார்கிட்டயாவது சொல்லணும், எனக்கும் போன் பண்ணணும்."

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். "பத்தியம் என்னதுன்னு கேட்டியாட்டி?"

"ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லாட்டா? மருந்துன்னா பத்தியம் உண்டும். ஆளு கூடினதுல டாக்டருக்குத் திரக்கு, மறந்திருப்பா."

அம்மாவுக்கு முன்பு முட்டு வலிக்கு ஒரு வைத்தியர் எண்ணெயும் கஷாயமும் கொடுத்தார். மீன் இல்லாமல், புளி இல்லாமல் அம்மா பத்தியம் இருந்த கதை எங்கள் தெருவுக்கே மனப்பாடம். கல்யாணம் நடந்ததைக்கூட அவள் அவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை. எனவே டாக்டர் மறந்துபோனதை அம்மாவே நிரப்பினாள். மீன் தின்னப்பிடாது. புளி பிடாது. மரச்சீனிக் கிழங்கு பிடாது. கஞ்சி, பயறு, சுட்ட அப்பளம். சித்திக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாயைக் கட்டாமல் நோய் எப்படிப் போகும்?

முதலில் டாக்டர் சொன்ன கெட்டது எல்லாம் சொன்னபடி வந்தது. தேங்காய் எண்ணெய் சூடாகும் வாடை வந்தாலே சித்தி பின்வாசலுக்கு ஓடினாள். சிப்ஸ் கடைக்காரிக்கு அது பெரிய சங்கடம். கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தாள்; எதிரே நிற்கிறவர்களுக்கும் அது ஒட்டிக்கொள்ளும், கடையே கொட்டாவி விடும். வாய் வறண்டது. கை லேசாக நடுங்கியது. எண்ணெய்க்கு மேல் சீவுபலகையைப் பிடிக்க அவளே பயந்தாள். மேஜையில் வைத்துச் சீவி, அள்ளிப் போட ஆரம்பித்தாள்.

பிறகு ஒரு நாள் காலை தலைக்குக் குளித்திருந்தாள். அவ்வளவுதான். யாரும் சொல்லாமல் குளித்திருந்தாள். அன்றைக்கு நான் பொட்டலத்தில் ஸ்டேபிளர் அடித்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் சத்தம் வந்தது.

"ஏட்டி! கோரு! காது கேக்கல்லியா உனக்கு, சத்தம் மாறிட்டுல்லா!"

நான் கோரினேன். கோரிவிட்டுப் பின்வாசலுக்குப் போய் மூக்கைச் சிந்தினேன். எண்ணெய்ப் புகை.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு சித்தி ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி ஆனாள். ஒரு நாள் கடையில் பாட்டு போட்டுக் கேட்பாள். அடுத்த நாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "தலைக்குள்ள கரண்ட் அடிக்குட்டி. கண்ணைத் திருப்பினா சுர்ருங்குது." சிடுசிடுப்பாள். ஒன்றுமில்லாததற்கு அழுகை வரும்.

ஒரு மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் சொல்லிவிட்டாள். "எனக்கு இந்த மருந்து வேண்டாம். விட்டுரப் போறேன்."

எனக்கு ஜன்னல் கட்டையில் அவள் பல்லியை வைத்தது நினைவு வந்தது.

"நல்லாத்தான சித்தி ஆகிட்டு வருது?"

சித்தி தராசைப் பார்த்தாள். அது கம்ப்யூட்டர் தராசு, ஒரே தட்டு. அதனால் இரண்டு கையையும் நீட்டினாள். "இங்க பாரு. இந்தக் கையில என்ன இருக்கு? காலையில எந்திரிக்கேன். தலை சீவுதேன். எண்ணெய்ச் சத்தம் கேக்குது. உன்னைப் பாத்தா அடிக்கணும்னு தோணுது."

"அது பெரிய விஷயம் சித்தி."

"பெரிசுதான்." இடது கையை ஆட்டினாள். "இந்தக் கையில? வாய் வறட்டுது. கை நடுங்குது. கரண்ட் அடிக்குது. கஞ்சிய தின்னு தின்னு வாயெல்லாம் மண்ணு. பத்துப் பேருக்குச் சமையல் பண்ணினவ அப்பளத்தச் சுட்டுத் தின்னுதேன். ஒனக்க சித்தப்பா வேற லீவுல வரப் போறாரு." கடைசியில் சொன்னதற்கு மேல் போகாமல் நிறுத்திக்கொண்டாள். இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. இடது கை கீழே போனது. "இதுதான் கனக்குது."

மாத்திரை ஒரு வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்து, அந்த வீட்டின் அடுக்களையை எடுத்துக்கொண்டுபோனால் அது என்ன வியாபாரம் என்று எனக்கும்தான் தோன்றியது. ஆனால் விட்டுவிடு என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை ஜெமி அண்ணன் ஸ்கூட்டரை எங்கள் வாசலில் நிறுத்தினார்.

"மக்கா, இன்னைக்கு ஒனக்க சித்திக்கு மருந்து நாளா, மீன் நாளா?"

"என்ன நாளு?"

"நேத்து மீன் நாளு, ரெண்டு கூறு சாளை எடுத்தா. அப்பம் இன்னைக்கு மருந்து நாளாக்கும். நான் கேக்காம ஹார்ன் அடிச்சா கதவைச் சாத்திருவா. மருந்து நாளுல மீனுக்க பேரே சொல்லப்பிடாதாம்."

நான் அப்படியே சுவரைச் சுற்றி ஓடினேன். சித்தி அடுக்களையில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, நீ ஒண்ணுவிட்டு ஒரு நாளா மாத்திரை போடுதே?"

சித்தி அகப்பட்டவள்போல முழிக்கவில்லை. நல்ல திட்டம் போட்டவளின் முகம்தான் இருந்தது. "பின்னே? மருந்தும் மீனும் ஒரே வயித்துல சேந்தா விஷம்லா. அதனால மீன் தின்ன நாளு மருந்து இல்ல. மருந்து போட்ட நாளு மீன் இல்ல. ஒண்ணுக்கொண்ணு தொடாம நான் எவ்வளவு கவனமா இருக்கேன் தெரியுமா? அக்காட்ட சொல்லிராத. மீன் சட்டிய நான் கழுவி வெயில்ல வெச்சுதான் எடுக்கேன்."

"கரண்ட் அடிக்கிறது எந்த நாளு?"

சித்தி யோசித்தாள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"மீன் தின்ன நாளு சாயங்காலம்," என்றாள் மெதுவாக. பிறகு அவசரமாக, "அது மீனுக்க குத்தம் இல்லட்டி!"

"மீனை யாரு குத்தம் சொன்னா?"

என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். மீதிக்கு டாக்டர் வேண்டும். சித்தி வரச் சம்மதித்தாள், ஆனால் மருந்தை நிறுத்தப் போகிறேன் என்று நேரில் சொல்லிவிட்டு வருவதற்காக. நல்ல சேலை கட்டிக்கொண்டாள். டாக்டருக்கு ஒரு பொட்டலம் சிப்ஸ் எடுத்துக்கொண்டாள். உறவை முறிக்கும்போதும் வெறுங்கையோடு போகக் கூடாதாம்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். மீன் கதை வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"மீன் சாப்பிடக் கூடாதுன்னு யாரும்மா சொன்னது?"

"மருந்துன்னா பத்தியம் உண்டும்லா டாக்டர்? நீங்க மறந்திட்டிய. நாங்களே பாத்துக்கிட்டோம்."

டாக்டர் சிரிக்கவில்லை. சிரிப்பு அவர் வாயோரம் வந்து திரும்பிப் போனதை நான் பார்த்தேன். "நான் மறக்கலம்மா. ஆனா இந்த மாத்திரைக்குப் பத்தியம் கிடையாதுன்னு நான் சொல்லியிருக்கணும். மீன், புளி, கிழங்கு எல்லாம் சாப்பிடுங்க. தலைக்குள்ள கரண்ட் அடிக்கிறது மாத்திரையால இல்ல, மாத்திரைய விட்டு விட்டுப் போடுறதால. உடம்பு ஒரு நாள் அதை எதிர்பார்த்து ஏமாந்து போகுது. தினமும் போட்டா அது அடங்கும்."

சித்தி தன் இடது கையை ஒரு தடவை பார்த்தாள். அதிலிருந்து பாதிச் சுமை இறங்கிவிட்டதே என்று பார்த்ததுபோல இருந்தது. ஆனால் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பம் கை நடுங்குறது?"

"அது மாத்திரையாலதான் இருக்கும். குறையலாம், குறையாமலும் இருக்கலாம். ரொம்பத் தொந்தரவா இருந்தா அளவை மாத்திப் பார்க்கலாம், வேற மாத்திரையும் இருக்கு. நிறுத்தணும்னாலும் நான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுத்தான் நிறுத்தணும். நீங்களா நிறுத்தக் கூடாது. எது தாங்க முடியும், எது முடியாதுன்னு நீங்கதான் சொல்லணும். உங்க உடம்பு."

சித்தி கொஞ்ச நேரம் சேலை முந்தானையைத் திருகினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ வெளிய நில்லுட்டி."

"ஏன்?"

"நில்லுன்னா நிக்கணும். பெரியவங்க சங்கதி."

சித்தப்பா லீவில் வருகிற சங்கதி என்று எனக்குப் புரிந்தது. புரிகிற வயசுதான். புரியாத முகத்தோடு வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். வேறு நேரமாக இருந்தால் இதை வைத்து ஒரு மாசம் ஓட்டியிருப்பேன். சித்தி வெளியே வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது, ஆனால் கலங்கியிருக்கவில்லை. "அதுக்கும் வழி உண்டாம்" என்று மட்டும் சொன்னாள். நான் எதுக்கு என்று கேட்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். தக்கலை நெருங்கும்போது சொன்னாள்.

"போடுதேன்."

"மாத்திரையா?"

"ம். கை நடுங்கினா மேஜையில வெச்சுச் சீவிக்கலாம். மனசு நடுங்கினா எதுல வெச்சுச் சீவ?"

சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் வறட்சி என்று டாக்டரிடம் அவ்வளவு புகார் சொன்னவள் என் சுடிதார் தோளை எச்சிலால் முழுக்க நனைத்திருந்தாள்.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? மீனும் மருந்தும் வயித்துக்குள்ள சண்டை போடும். நான் சொன்னேன்னு ஒருத்தரும் பிறகு சொல்லாண்டாம்."

மறுநாள் காலை ஜெமி அண்ணன் தயங்கித் தயங்கி ஹார்ன் அடித்தார். சித்தி பாத்திரத்தோடு வெளியே வந்தாள். ஒரு சாளையை எடுத்தாள். செவுளைத் தூக்கினாள்.

"ஏலே, இதுக்கு ஆதார் கார்டு உண்டாலே? எந்த வருஷம் பொறந்தது?"

ஜெமி அண்ணன் ஐஸ் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏசுங்க அக்கா," என்றார். "இன்னும் கொஞ்சம் ஏசுங்க." எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். சித்தி அவருக்கும் சேர்த்து ஏசினாள்.

காலைச் சாப்பாட்டுக்கே சாளைப் புளிமுளம் குழம்பு, மரச்சீனிக் கிழங்கு மசித்தது. தெருவெல்லாம் வாடை. சித்தி மெதுவாகச் சாப்பிட்டாள். முள்ளைக்கூட உறிஞ்சினாள். கடைசியில் கையைக் கழுவிவிட்டு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் சொல்லிவிட்டார், உண்மைதான். ஆனால் அம்மா அடுக்களை வாசலில் ஆட்டோக்காரர் நம்பரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாளே.

"இங்கின வந்து இரிட்டி," என்றாள் சித்தி. "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அனீஷுக்கு உடனே சொல்லாத. பரீட்சை இருக்கு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சித்தி மாத்திரையைப் போட்டாள், தண்ணீர் குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது: 'சித்தி, உதடு நீலமாகுதே.' இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்த்ததில்லை, இனியும் வாய்க்காது. அதை விழுங்கிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது லேசாக நடுங்கியது.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. சித்தி கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். திடீரென்று கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். கண் மேலே போனது. ஸ்டூலிலிருந்து சரிந்து அப்படியே என் மேல் விழுந்தாள்.

நான் போட்ட கூப்பாடு தக்கலை பஸ் ஸ்டாண்டைத் தாண்டியிருக்கும். அம்மா போனைக் கீழே போட்டுவிட்டு, "நான் சொன்னேனே, நான் சொன்னேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். என் மடியில் கிடந்த சித்தியின் உடம்பு குலுங்கியது. வலிப்பு என்று நினைத்தேன். குனிந்து முகத்தைப் பார்த்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல், வயிறு மட்டும் குலுங்கக் குலுங்க.

"நீ மட்டும்தான் வெளாடுவியாக்கும்?" என்றாள். "அந்தப் பல்லிக்கு இது."

அம்மா விளக்குமாற்றைத் தேடிப் போனாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து விக்கல் எடுத்தது. சித்தி எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீரை என்னிடம் நீட்டினாள். கை நடுங்கியதில் பாதி என் மேல் கொட்டியது. மீதியைக் குடித்தேன்.